நான்கு வல்லூறுகளிலிருந்து

1974-ஆம் ஆண்டில் மொரீசியஸ் தீவின் காடுகளில் தேடியபோது தென்பட்ட மொரீசியஸ் வல்லூறுகள் நான்கே; அவற்றுள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பெட்டை ஒன்றே ஒன்று. உலகில் வேறெங்கும் இல்லாத இந்தச் சிறு பறவையை அந்த நிலைக்குத் தள்ளியவை பல: கரும்புக்காக அழிக்கப்பட்ட காடு, கூடுகளைச் சூறையாடிய குரங்குகளும் எலிகளும், மலேரியாவை ஒழிக்கத் தெளிக்கப்பட்டு உணவின் வழியே பறவையின் உடலில் சேர்ந்த டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி. நம் பூட்டன்மார் வியர்வை சிந்திய கரும்புத் தோட்டங்கள் அந்தக் காடு நின்ற மண்ணில்தான் விரிந்தன என்பதால், இந்தக் கதை மொரீசியஸ் தமிழர்களாகிய நமக்கு அயலாருடைய கதை அன்று.

1979-இல் இங்கு வந்த வேல்ஸ் நாட்டு உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ், காட்டுக்கு வேலி போட்டுவிட்டுக் காத்திருப்பதால் இந்தப் பறவை பிழைக்காது என்று கருதினார். அவருடைய பணியை ஒட்டி, இயற்கையியலாளர் ஜெரால்டு டரலின் ஆதரவோடு 1984-இல் தோன்றிய தொண்டு நிறுவனமே இன்று மொரீசியஸ் வனவுயிர் அறக்கட்டளை என அறியப்படுகிறது. அதன் முறைகளில் மிகவும் வியப்புக்குரியது முட்டைகளை எடுத்துவிடும் முறை.

அழிவின் விளிம்பில் நிற்கும் பறவையின் கூட்டிலிருந்தே முட்டையை எடுப்பது முதலில் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் வல்லூறு, முதல் ஈட்டு முட்டைகளை, அதாவது ஒரு தடவையில் இட்ட முட்டைகளை, தொடக்கத்திலேயே இழந்துவிட்டால், பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் மறுபடியும் முட்டையிடும். முதல் ஈட்டை இன்குபேட்டர் என்னும் அடைகாக்கும் பெட்டியில் பொரிக்கவைத்து, இரண்டாம் ஈட்டைத் தாயிடமே விட்டுவிட்டால், ஓர் இணை ஒரே பருவத்தில் இருமடங்கு குஞ்சுகளைத் தரும். முட்டையிடுவதற்கு உடலில் வலு வேண்டும் என்பதால், காட்டிலுள்ள இணைகளுக்கும் எலிகளை உணவாகக் கொடுத்தார்கள்.

இன்குபேட்டரில் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. முட்டையோட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு; அடைகாலம் முழுவதும் அவற்றின் வழியே நீராவி வெளியேறி, பொரிப்பதற்குள் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை இழக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இழந்தால், குஞ்சு முதல் மூச்சை இழுப்பதற்கான காற்றறை போதிய அளவு விரியாது. கூடுதலாக இழந்தால் கரு வறண்டுவிடும். ஆகவே முட்டையை அடிக்கடி நிறுத்துப் பார்த்து, எடை இறங்கும் வேகத்துக்கு ஏற்பப் பெட்டியின் ஈரப்பதத்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தார்கள். ஓர் இனத்தின் எதிர்காலம் தராசுத் தட்டில் கிடந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

வளர்ந்த குஞ்சுகளை, பறக்கும் பருவத்துக்குச் சற்று முன்னரே காட்டில் அமைத்த கூட்டுப் பெட்டிகளில் வைத்து, தாமே இரை பிடிக்கப் பழகும்வரை உணவு கொடுத்தார்கள். 1994-க்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட வல்லூறுகள் இவ்வாறு காட்டுக்குத் திரும்பின. ஆயினும் 2014-இல் அந்த இனம் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகச் சிவப்புப் பட்டியலில் மறுபடியும் ஆபத்து மிகுந்த வகையில் சேர்க்கப்பட்டது. காடு மீளாமல் பறவை மட்டும் நிலைத்துவிடாது என்பதை அறக்கட்டளை முன்பே உணர்ந்திருந்தது. இத்தீவின் மற்றோர் அரிய பறவையான, 1990 வாக்கில் பத்தளவே எஞ்சியிருந்த இளஞ்சிவப்புப் புறாக்கள் இன்று நானூறைக் கடந்துள்ளன என்றாலும், அவற்றுக்கும் தீனி வைக்க வேண்டியிருக்கிறது.

காட்டை மீட்கும் வேலையைக் கண்ணால் பார்க்க விரும்புபவர், மாயேபூர் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத இல் ஓ செக்ரெத் தீவுக்குப் படகில் போகலாம். 26 ஹெக்டேர் பவளச் சுண்ணாம்புப் பாறையான அங்கே கருங்காலி மரங்களின் பழங்கள் அடிமரத்தை ஒட்டியே காய்க்கின்றன. முன்பு அவற்றைத் தின்று விதைகளைத் தொலைவில் கொண்டுபோய்ப் போட்ட மொரீசியஸ் பேராமைகள் இரண்டு இனங்களும் அழிந்துவிட்டதால், பழங்கள் தாய்மரத்தடியிலேயே விழுந்து கிடந்தன. அந்த இடத்தை நிரப்ப 2000-ஆம் ஆண்டில் இந்தியப் பெருங்கடலின் அல்தாப்ராத் தீவைச் சேர்ந்த பேராமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆமையின் குடல் வழியே வந்த விதை நன்றாக முளைப்பதும், மரங்களிலிருந்து தள்ளிப் புதிய கன்றுகள் தோன்றுவதும் பிறகு ஆய்வில் தெரியவந்தன. இறந்துபோன இனம் செய்த வேலையை அதன் உறவினத்திடம் ஒப்படைக்கும் இந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்தமானது.

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் அதே கரையோரத்தில் பவளப்பாறையில் மோதியது. ஆகஸ்டு 6-ஆம் நாள் முதல் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தது. அறக்கட்டளையின் ஊழியர்கள் இல் ஓ செக்ரெத்திலிருந்து அரிய செடிகளையும் ஊர்வனவற்றையும் பெருநிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். கரையிலோ, ஊர் ஊராக வந்து சேர்ந்த மக்கள் துணியைப் பைகளாகத் தைத்து, அவற்றுக்குள் கரும்புச் சோகையைத் திணித்து, எண்ணெயைத் தடுக்கும் மிதவைகளாகக் கடலில் இறக்கினார்கள்.