அட்டைப்பெட்டியில் வரும் வண்டிகள்

பழைய சின்ன பைக் என் பட்டறைக்கு இரண்டு விதமாக வரும். ஒன்று, தூசி படிந்து, டயரில் காற்று இறங்கி, ஆனால் முழுசாக. இன்னொன்று, நாலு அட்டைப்பெட்டிகளில். முழுசாக வருவதுதான் எனக்குப் பிடிக்கும். எத்தனை வருடம் நின்றிருந்தாலும், அது ஏன் நின்றது என்பதற்கான காரணம் அதற்குள்ளேயே இருக்கும். பெட்டியில் வரும் வண்டியில் அந்தக் காரணத்தோடு, வாங்கியவர் முதல் ஞாயிற்றுக்கிழமை பார்த்த வேலையும் சேர்ந்து வரும். சும்மா நின்று கெட்டதைவிட அந்த ஒரே நாளில் கெட்டதைச் சரிசெய்யத்தான் எனக்கு அதிக நேரம் போகிறது.

வண்டியை இறக்கி நிறுத்தியதும் கிக்கரை ஒரு மிதி மிதிக்காமல் யாருக்கும் கால் நிற்காது. நெடுநாள் நின்ற சிலிண்டருக்குள் ஆயில் படலம் வடிந்து போயிருக்கும், பிஸ்டன் ரிங் துருவோடு சுவரில் ஒட்டியிருக்கலாம். மிதித்தால் அந்தத் துரு சுவரில் கோடு கிழிக்கும். ஏறிக் குதித்தால் கிக்கர் பல் போகும். பல சின்ன எஞ்சின்களில் அதை மாற்ற எஞ்சினையே இரண்டாகப் பிளக்க வேண்டியிருக்கும். ஆகவே முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் மெல்லிய ஆயில் விட்டு, ஓர் இரவு அப்படியே விடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அசையவில்லையா? இன்னும் கொஞ்சம் ஆயில், இன்னும் இரண்டு நாள்.

அடுத்த பலி ஸ்குரூ. பழைய ஜப்பானிய வண்டிகளின் எஞ்சின் கவரில் இருப்பது பார்க்க சாதாரண ஸ்டார் ஸ்குரூ மாதிரியே இருக்கும். ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய அளவு; பல ஸ்குரூக்களின் தலையில் சின்னதாக ஒரு புள்ளி குத்தியிருக்கும். நம்மிடம் இருக்கும் ஸ்டார் டிரைவர் அதில் முழுசாக இறங்காது, அழுத்தித் திருப்பினால் நழுவி மேலே ஏறி, தலையை மழித்துவிடும். அதற்கென்றே டிரைவர் கிடைக்கிறது. இந்த வேலையில் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

சரி, எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. கம்ப்ரஷன் என்னும் சிலிண்டர் அழுத்தம், ஸ்பார்க், பெட்ரோல் மூன்றில் எது இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். பழைய வண்டிகளில் ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்சுக்குப் பாயிண்ட் என்று பெயர். பாயிண்ட் வைத்த வண்டியில் ஸ்பார்க் வராததற்குப் பெரும்பாலும் மின்னழுத்தத்தை ஏற்றும் காயில் காரணமல்ல. பாயிண்டின் இரண்டு முகங்களிலும் மெல்லிய படலம் படிந்திருக்கும், அவ்வளவுதான். நைஸான எமரியால் லேசாகத் தேய்த்து, இரண்டு முகங்களும் திறந்து நிற்கும்போது உள்ள கேப்பை, அதாவது இடைவெளியை, சரியாக வையுங்கள். பல சின்ன வண்டிகளுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே கணக்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் ஆயில் பூசி வைத்திருப்போம். அளந்து முடிக்கும்போது அந்த ஆயில் பாயிண்டில் ஒட்டிக்கொள்ளும், வந்த ஸ்பார்க்கும் போய்விடும். நானே இப்படி அரை நாள் திருதிருவென்று விழித்திருக்கிறேன். கடைசியாக ஒரு வெள்ளை அட்டைத் துண்டைப் பாயிண்ட் நடுவில் வைத்து இழுங்கள். கறுப்பு ஒட்டாமல் வரும்வரை இழுங்கள்.

கார்புரேட்டரைத் திறந்ததும் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். உள்ளே, ஐடிலிங்கில் வண்டி நின்று ஓடப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கையில் கிடைத்த இரும்புக் கம்பியை அதில் விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஒரு மயிரிழை அகன்றாலும் அப்புறம் எந்தக் காற்று ஸ்குரூவைத் திருப்பினாலும் ஐடிலிங் நிற்காது. கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுக்கு வட்டமாக ஒளி தெரிந்தால் போதும்.

ஒருவர் பெட்டியோடு வந்தார். பத்து நிமிடம் ஓடும், பிறகு இழுத்து இழுத்து நின்றுவிடும் என்பது குறை. கார்புரேட்டர் புதுசு, காயில் புதுசு, பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சரும் புதுசு. கடைசியில் சிலிண்டரைக் கடைந்து போர் செய்யலாம் என்று எஞ்சினையும் பிரித்துவிட்டார். கேட்டதில், டேங்க்குக்குப் பெயின்ட் அடித்த பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்ததாம். டேங்க் மூடியைப் பார்த்தேன். காற்றுத் துளையைப் பாலிஷ் அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்கில் வெற்றிடம் உண்டாகி, ஓட்டம் நின்றுபோகும். வண்டி நின்ற உடனே மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே போய், வண்டி ஸ்டார்ட் ஆனால் குறை மூடியில். மூடியைத் திறந்தும் ஆகாமல், அரை மணி ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆனால் அப்போது காயிலையும் கண்டென்சரையும் சந்தேகப்படலாம். இதை அறிய ஸ்பானரே வேண்டாம்.

பெயின்ட் இன்னொரு விதத்திலும் வம்பு செய்யும். ஃப்ரேமைப் பளபளவென்று அடித்துவிட்டு, லைட் எரியவில்லை, ஹாரன் முனகுகிறது என்பார்கள். எர்த் ஒயர் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பைக் காட்டினால் சரியாகிவிடும்.

இதுவரை சொன்னது வண்டிக்கு ஆகும் கேடு. உங்களுக்கு ஆகும் கேடு டேங்க்கிலும் பிரேக்கிலும் இருக்கிறது. காலி டேங்க் காலி இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தூரத்தில் இருக்கும் அடுப்பையோ ஹீட்டரையோ தேடிப் போகும். பெட்ரோல் இருந்த டேங்க்கில் ஓட்டை அடைக்க நீங்களாகவே வெல்டிங் வைக்காதீர்கள், கழுவிக் காயவைத்தாலும் கூடாது. உள் துருவுக்கு வினிகர் ஊற்றி ஊறவைத்து, சோடா உப்புக் கரைசலில் அலசி, உடனே உலர்த்தி ஆயில் தடவினால் போதும். உலர்த்தத் தாமதித்தால் சில மணியிலேயே புதுத் துரு பூக்கும்.

பிரேக் டிரம்மைத் திறந்ததும் கறுப்புத் தூசி கொட்டும். பல வருடம் நானும் அதைக் காற்றடித்து ஊதியவன்தான், நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது. பழைய பிரேக் ஷூக்கள் பலவற்றில், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. எதில் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஊதவும் கூடாது, பெருக்கவும் கூடாது. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டிப் போடுங்கள். சாதாரண துணி மாஸ்க் இதற்குக் காப்பு இல்லை. அப்புறம், எஞ்சின் பிடித்த சந்தோஷத்தில் மூடிய அறைக்குள் வைத்து ஓடவிடாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது.

ரோட்டுக்குப் போகும் முன் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். தயாரித்த தேதிக் குறியீட்டில் நாலு இலக்கம் இருந்தால், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23வது வாரம். மூன்று இலக்கம் என்றால் அந்த டயர் 2000க்கு முந்தையது. மேலே பட்டன் (டயரின் பிடிமான வரிகள்) எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள். செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கும் லிங்க் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி மட்டும். திரும்பி வந்து டிரம் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அங்கே ஷூ உரசுகிறது, அட்ஜஸ்ட்மென்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.