முன்கூட்டிய பிறப்பா, குறைமாதப் பிறப்பா?

நவம்பர் 17ஆம் நாளை உலகம் குறைமாதப் பிள்ளைகளுக்கான நாளாகக் கொள்கிறது. அதையொட்டித் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கமுள்ள ஒரு மண்டபத்தில் தாய்மாருக்கான கூட்டமொன்று நடந்தது. அங்கே அச்சிட்ட துண்டறிக்கையொன்றை வாசித்து விளங்கப்படுத்தும் பணி எனக்குத் தரப்பட்டிருந்தது. ‘மிகவும் முன்கூட்டிய பிறப்பில் பிறந்த குழந்தைகளின் மூளை வளர்ச்சி விளைவுகள்’ என்பது அதன் தலைப்பு. தலைப்பை வாசித்து அடுத்த வரிக்குப் போகுமுன், பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா, “முன்கூட்டி ஆரும் கேக்கேல்லைத் தம்பி, அது தன்ர பாட்டில வந்த பிள்ளை” என்றார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. தம் மகள் நாள் குறித்துப் பிள்ளையை வெளியே எடுப்பித்தாள் என்று யாரோ எழுதி வைத்துவிட்டார்கள் என்ற கலக்கந்தான் இருந்தது. அருகிலிருந்த மகள் தலை நிமிரவேயில்லை. ‘முன்கூட்டிய பிறப்பு’ என்ற தொடரை நான் பல ஆண்டுகளாகப் பல தாள்களிற் கண்டு சகித்திருக்கிறேன்; அன்று முதல் சகிக்க முடியவில்லை.

சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கில மருத்துவத்தில் முன்னர் பெரிதும் வழங்கிய ‘பிரீமெச்சுவர்’ என்பது, காலத்துக்கு முன் பழுத்தது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இன்று மருத்துவர்கள் விரும்பி ஆளும் ‘பிரீடேர்ம்’ என்பது எல்லைக்கு முன் என்று மட்டுமே சொல்கிறது. அந்த எல்லை கருக்காலத்தின் முடிவு. ஒருகாலத்தில் 2,500 கிராமும் அதற்குக் குறைவுமான எடையுடன் பிறந்த பிள்ளைகள் எல்லாரையும் பிரீமெச்சுவர் என்றே உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. எடை குறைந்த பிள்ளை வேறு, நாள் குறைந்த பிள்ளை வேறு என்ற தெளிவு 1961இல் அந்த வரையறையை மாற்றிய பின்னரே நிலைபெற்றது. ஆக, பிள்ளையின் முதிர்ச்சியையும் எடையையும் விட்டு நாட்கணக்கைப் பற்றிக்கொள்ள மேலைநாட்டு மருத்துவத்துக்கு நெடுங்காலம் பிடித்தது.

தமிழ் தொடக்கத்திலிருந்தே மாதத்தைத்தான் எண்ணியது. பத்து மாதம் சுமந்து பெற்றேன் என்று நம் தாய்மார் சொல்வது மிகைக்கூற்று அன்று. 28 நாளை ஒரு மாதமாகக் கொண்டால் பத்து மாதம் 280 நாள், அதாவது மருத்துவர் எண்ணும் 40 வாரம். திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் கருவிலிருக்கும் உயிர் மாதந்தோறும் தப்பிவரும் இடர்களை வரிசையாகச் சொல்லும்போது, ‘ஏழு திங்களில் தாழ்புவி பிழைத்தும்’ என்கிறார். ஏழாம் மாதத்திற் கருப்பை தாங்காமல் மண்ணில் வீழ்வதிலிருந்து தப்பியும் என்பது அதன் பொருள். அதே வரிசை ‘தக்க தசமதி’யில், அதாவது பத்தாம் மாதத்தில், முடிகிறது. கோணேசர் கோயிலுக்குப் போய்வரும் எங்களூர் முதியோர் பலருக்கு இந்த அடிகள் மனப்பாடம். ஏழு திங்களில் வீழ்வது என்ற கருத்து கையில் இருக்கும்போது அதற்கு ‘முன்கூட்டிய’ என்ற அடை எங்கிருந்து வந்தது?

‘முன்கூட்டி’ என்பது நல்ல தமிழ்ச் சொல்தான், ஆனால் அது இருக்கவேண்டிய இடம் வேறு. கொழும்புப் பேருந்தில் முன்கூட்டியே ஆசனம் பதிகிறோம். புயல் வரும் என்று கடற்றொழிலாளருக்கு முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். கல்யாணத்துக்கு வரமுடியாதென்றால் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறோம். இவை எல்லாவற்றிலும் செய்பவர் ஒருவர் உண்டு, அவருக்கு வரப்போவது தெரியும், அவர் நினைத்துச் செய்கிறார். ‘கூட்டு’ என்பதே ஒருவர் ஒன்றைக் கூட்டுகின்ற வினை. குறைமாதத்தில் நேரும் பிறப்புகளில் பெரும்பாலானவற்றில் அப்படிச் செய்தவர் எவரும் இல்லை: வலி தானாகத் தொடங்குகிறது, அல்லது பன்னீர்க்குடம் தானாக உடைகிறது. ‘முன்கூட்டிய’ என்று எழுதியவுடன், வாசிக்கும் தாய் அந்தச் செய்பவரின் இடத்தில் தன்னை நிறுத்திக்கொள்கிறாள். ஏற்கனவே எந்த வேலையைச் செய்ததால் இப்படியாயிற்று, எந்தப் படியில் ஏறியதால் இப்படியாயிற்று என்று தன்னையே நொந்துகொண்டிருப்பவளுக்கு அச்சிட்ட தாளும் அதையே சொல்லலாமா?

ஒன்றை மறுக்கக்கூடாது. தாயின் குருதியழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்போதும், கருவின் வளர்ச்சி உள்ளே நின்றுபோகும்போதும், மருத்துவர்களே தீர்மானித்துப் பிள்ளையை மாதம் நிறையுமுன் எடுப்பதுண்டு. ‘முன்கூட்டி’ என்ற சொல்லுக்கு உரிய இடம் அதுவே. ‘மருத்துவர் முன்கூட்டி எடுத்த குறைமாதப் பிள்ளை’ என்று எழுதினால் பொருள் துல்லியமாகிறது. தானாக வந்ததையும் எடுத்ததையும் ஒரே அடையால் குறித்துவிட்டால், தேவையான இந்த வேறுபாட்டைச் சொல்ல மொழியிற் சொல் மிஞ்சாது.

‘முன்கூட்டிய’ என்ற சொல்லுக்கு இணைகளும் அமையமாட்டா. ‘குறைமாதம்’ என்றால் அதற்கு எதிரே ‘நிறைமாதம்’ ஆயத்தமாக நிற்கிறது. நிறைமாதக் கர்ப்பிணி என்பது கிளினிக்கிலும் வீட்டிலும் ஒருபோலப் புழங்குகிறது. 42 வாரத்தையும் கடந்து பிறப்பதை ‘மிகைமாதம்’ எனலாம். 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதம், 32 வாரத்துக்கு முன் பிறப்பது ‘மிகக் குறைமாதம்’, 28 வாரத்துக்கு முன் பிறப்பது ‘அதிகுறைமாதம்’ என்று படிகளையும் இயல்பாக அமைக்கலாம். ‘முன்கூட்டிய’ என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? ‘மிகவும் முன்கூட்டிய பிறப்பு’ என்று படி அமைத்தால், அது இன்னும் முன்யோசனையோடு செய்த காரியம் போலன்றோ ஒலிக்கிறது?

வேறு போட்டிச் சொற்களும் உண்டு. ‘குறைப்பிரசவம்’ தமிழகத்தில் மிகுதியாக வழங்குகிறது, இங்கும் கேட்கிறோம். ஆனால் அச்சொல் கருச்சிதைவையும் தழுவி நிற்கிறது. பாதியிற் கைவிட்ட திட்டத்தைக்கூடக் குறைப்பிரசவமாய்ப் போயிற்று என்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம். ‘முதிர்ச்சியற்ற குழந்தை’ என்பது பெரும்பாலும் சிங்களத்தில் வழங்கும் ‘நொமேரூ’ என்பதன் நேர்ப்பெயர்ப்பாக நம் தாள்களுக்கு வந்து சேர்கிறது. அச்சொல் சிங்களத்தில் எப்படி ஒலிக்கிறதோ, தமிழில் முதிர்ச்சியற்றவர் என்பது பேச்சும் நடத்தையும் பக்குவப்படாதவரைக் குறிக்கும் பழிச்சொல். நுரையீரல் முதிரவில்லை, குடல் முதிரவில்லை என்று உறுப்பைச் சொல்லும்போது அது சரியான சொல்; பிள்ளைக்கு அடையாக வைக்கும்போது பிழை.

‘குறை’ என்பதும் ஊனத்தைக் குறிக்காதா என்று தாதியொருவர் என்னிடம் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். ‘குறைப்பிறவி’, ‘குறைவளர்ச்சிக் குழந்தை’ என்று எழுதுவோர் இருக்கிறார்கள். அவற்றில் குறை பிள்ளைமேல் விழுகிறது, ஆகவே அவற்றைக் கடுமையாக விலக்கவேண்டும். ‘குறைமாதம்’ என்ற தொகையிலோ குறை மாதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைக்கு வாய்க்காமற்போன காலத்தையே அது சொல்கிறது, பிள்ளையைக் குறைகூறவில்லை. ஆகையால் இடையில் ‘மாதம்’ என்ற சொல்லை ஒருபோதும் விடக்கூடாது என்பதே நான் வற்புறுத்துவது.

அந்த வாய்க்காத வாரங்களில் மூளைக்குள் நிகழவேண்டியிருந்தவற்றை நினைத்தால் சொல்லின் பொருத்தம் இன்னும் விளங்கும். 24ஆம் வாரத்தில் மூளையின் மேற்பரப்பு பெரும்பாலும் வழுவழுப்பாகவே இருக்கிறது. மடிப்புகள் பின்வரும் மாதங்களிலேயே விழுகின்றன. 34ஆம் வாரத்திற்கூட மூளையின் எடை நிறைமாத எடையில் ஏறத்தாழ 65 சதவீதந்தான். மிகக் குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளையின் மூளை அறைகளை ஒட்டிய மெல்லிய குருதிக்குழாய்கள் முதல் மூன்று நாட்களில் எளிதிற் கசியக்கூடும். நரம்பிழைகளுக்கு உறை அமைக்கவேண்டிய உயிரணுக்கள் 23ஆம் வாரத்திலிருந்து 32ஆம் வாரம்வரை மூச்சுக்காற்றுக் குறைவுக்கும் அழற்சிக்கும் இலகுவில் ஆட்படுகின்றன. அதனாலேயே அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்வரை, உடலசைவைப் பாதிக்கும் பெருமூளை வாதம் காணப்படுகிறது. கவனக் குறைவும் கற்றற் சிரமமும் அதைவிடக் கூடுதலானோரில் பள்ளி வயதில் தெரியவருகின்றன. வாரம் குறையக் குறைய இடர் கூடுகிறது. ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை பிழைக்காது என்ற பழைய நம்பிக்கை முற்றிலும் தவறானது. கருப்பையில் கூடும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு வரவுதான்.

துண்டறிக்கையின் தலைப்பில் இருந்த ‘விளைவுகள்’ என்ற சொல்லும் என்னை உறுத்துகிறது. பக்கவிளைவு, பின்விளைவு என்று தீமையோடே பழகிய சொல் அது. மூளை வளர்ச்சி விளைவுகள் என்றால் கேடு உறுதியாகிவிட்டது போலத் தோன்றும். ‘பெறுபேறு’ என்றால் எங்கள் நாட்டில் பரீட்சைதான் நினைவுக்கு வரும். ‘பின்னாள் உடல்நலமும் மூளை வளர்ச்சியும்’ என்று விரித்து எழுதினால் நல்லதும் கெட்டதும் அதில் அடங்கும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யார் விதித்தார்கள்?

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன் மானிப்பாயிலிருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று மருத்துவ நூலும் அவர் முயற்சியால் தமிழுக்கு வந்தது. பிறநாட்டார் ஒருவர் நம் சொற்களைத் தேடி எடுத்த நாட்டில், இன்று நம்மவர் கணினி தரும் முதற்சொல்லைச் சரிபாராமல் அச்சுக்கு அனுப்புகிறார்கள். மொழிபெயர்ப்பவர் தம் பாட்டியிடம் ஒருமுறை கேட்டிருந்தால் ‘குறைமாசப் பிள்ளை’ என்ற விடை அந்தக் கணமே கிடைத்திருக்கும். மூதூரிலும் கிண்ணியாவிலும் எந்த வீட்டிற் கேட்டாலும் அதுவே விடை.

அன்று துண்டறிக்கையை மடித்து வைத்துவிட்டு, மடியிலிருந்த பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். ஆறு மாதம், இன்னும் பிரளவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை பிரண்டுவிட்டது என்றார். எந்த வாரத்தில் பிறந்தது என்று மகளைக் கேட்டேன், முப்பதில் என்றாள். நாற்பதுக்குப் பத்து வாரம் குறைவு, அந்தக் குறைந்த மாதத்தை இப்போதைய வயதிற் கழியுங்கள் என்றேன். மருத்துவர்கள் திருத்திய வயது என்று சொல்லி முதல் இரண்டு ஆண்டுகள்வரை பார்க்கும் கணக்கு அதுவே. அம்மா விரல்களை மடக்கி எண்ணினார். “அப்ப மூண்டரை மாசந்தானே இவனுக்கு” என்று மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மகள் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, அடுத்த கிளினிக் எப்போது என்று தாதியிடம் கேட்டாள்.