பன்னிரண்டு வோல்ற்று இடுப்பைச் சுடாதா?

கடந்த வாரம் என் திருத்தகத்துக்கு வந்த இடுப்புப் பையொன்றில், பற்றரியிலிருந்து புறொஜெக்டருக்குச் சென்ற சிவப்பு வயரின் உறை முழுவதும் உருகி, நைலோன் துணியோடு ஒட்டிக் கட்டியாகியிருந்தது. அதை அணிந்திருந்த இளைஞனின் இடுப்பில், வயர் சென்ற வழி நெடுகக் கொப்புளம் எழுந்திருந்தது. வீதியோரச் சுவர்களில் படம் காட்டியபடி நடப்பதற்கும், படத்தின் ஒலியைப் பண்பலையில் அனுப்பி, கூட வருபவர்கள் தத்தம் வானொலிகளில் கேட்பதற்கும் உதவும் இத்தகைய தொகுதிகளை, இணையக் காணொளிகளைப் பார்த்துத் திருகோணமலைப் பிள்ளைகள் தாமே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். முயற்சி நல்லதுதான். ஆனால் எரிந்த பைகளைத் திறந்து திறந்து என் பொறுமை தீர்ந்துவிட்டது.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்: "அண்ணை, இது 12 வோல்ற்றுத்தானே, தொட்டாலும் அடிக்காது."

அடிக்காதுதான். உலர்ந்த தோலின் தடை அதிகமாகையால் 12 வோல்ற்று அதனூடாக உணரத்தக்க மின்னோட்டத்தைச் செலுத்தாது. ஆனால் உங்களைச் சுடுவதற்கு மின்சாரம் உங்கள் உடலுக்குள் நுழையவேண்டிய தேவையே இல்லை; உங்கள் மேல் கிடக்கும் வயருக்குள் பாய்ந்தாலே போதும். கணக்குப் போட்டுக் காட்டினால்தான் நம்புகிறார்கள், ஆகவே இங்கும் போடுகிறேன். 18650 எனப்படும் உருளை வடிவ இலிதியம் கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்த பற்றரி, முழுமையாக மின்னேறிய நிலையில் 12.6 வோல்ற்று இருக்கும். கலங்களின் உட்தடையும் இணைப்புகளின் தடையும் சேர்ந்து 0.12 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 0.02 ஓம் தடையுள்ள ஒரு வயர்த் துண்டால் அதன் இரு முனைகளும் சோட் ஆனால், பாயும் மின்னோட்டம் 90 அம்பியர். அந்தச் சிறு துண்டில் மட்டும் பிறக்கும் வெப்பம் 160 வாற்றுக்கு மேல். என் மேசையில் ஈயத்தை உருக்கும் சோல்டரிங் அயன் வெறும் 60 வாற்று. வீட்டில் 230 வோல்ற்றுக்குப் பயப்படுகிற நீங்கள் அங்கே ட்ரிப் சுவிட்சைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். பயப்படாத பையில் எதுவுமே இல்லை.

மேற்சொன்ன பையில் நடந்தது சாதாரண விடயம். வயர் வெளியே வரும் இடத்தில் ஜிப்பின் உலோகப் பற்கள் நடக்க நடக்க உறையை அரைத்து, சிவப்பையும் கறுப்பையும் ஒன்றாகத் தொட்டிருக்கின்றன. பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், கார்களில் போடும் 7.5 அம்பியர் பியூஸ் ஒன்று இருந்திருந்தால், பியூஸ் போயிருக்கும், தோல் தப்பியிருக்கும். பியூஸை புறொஜெக்டர் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. பற்றரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட வயரை அது காப்பாற்றாது என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். பற்றரிக்குள் பாதுகாப்புப் பலகை இருக்கிறதே என்று வாதிட வேண்டாம். மலிவான பலகைகளில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்சாக உள்ள மொஸ்பெற் பழுதானால், பெரும்பாலும் திறந்த நிலையில் நிற்காமல் சோட் ஆகியே நிற்கும்.

கலங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 9900 மில்லி அம்பியர் மணி என்று உறையில் அச்சடித்த 18650 கலம் பொய். அந்த அளவில் நல்ல கலம் சுமார் 3500 மில்லி அம்பியர் மணிவரைதான் தரும், எடையும் 45 கிராமளவு இருக்கும். பழைய மடிக்கணினிகளைப் பிரித்து எடுத்த கலங்களைக் கலந்து கட்டாதீர்கள். கலத்தின் மேல் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள். என்னைக் கேட்டால், உடலில் அணிவதற்கு இலிதியம் இரும்பு பொஸ்பேற்று வகையே ஏற்றது. நான்கு கலங்கள் தொடராக 12.8 வோல்ற்று, சற்றுப் பாரம் கூடும், தீப்பிடிக்கும் ஆபத்து வெகுவாகக் குறையும். மின்னேறி முடிந்ததும் 14 வோல்ற்றைத் தாண்டுமாதலால், 12 வோல்ற்று புறொஜெக்டருக்கும் பற்றரிக்கும் இடையில், வோல்ற்றளவை 12இல் நிலையாக வைக்கும் சீராக்கி ஒன்று வேண்டும். அந்த புறொஜெக்டரையும் மூடிய பைக்குள் வைத்துக் காற்று வாயை அடைக்காதீர்கள். நம் ஊர்க் கடற்காற்றின் உப்பு, திறந்த இணைப்புகளில் சில வாரங்களிலேயே பச்சைப் பூச்சாகப் படியும். படிந்த இடத்தில் தடை கூடி, இணைப்பு சூடாகும்.

வானொலிப் பகுதியை எல்லோரும் விளையாட்டாகவே எண்ணுகிறார்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, வானொலி அலை வெளியிடும் கருவியை இயக்க உரிமம் வேண்டும்; முதலில் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் விண்ணப்பியுங்கள். சந்தையில் கிடைக்கும், பண்பலையில் ஒலி அனுப்பும் சீனப் பலகைகள் பல 76 முதல் 108 மெகாஹேட்ஸ் வரை இசைபவை. இத்தகைய பலகை, வைத்த மீடிறனோடு அதன் மடங்குகளிலும் வேண்டாத அலைகளை வெளியிடும். அவற்றைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத பலகையொன்றை, வீச்சின் கீழ்ப்பகுதி வெறுமையாக இருக்கிறதே என்று 78.4இல் வைத்தால், அதன் இரண்டாம் மடங்கு 156.8இல் விழும். அதுதான் கப்பல்களும் படகுகளும் ஆபத்தில் உதவி கேட்கும் 16ஆம் அலைவரிசை. 108க்கு மேலே விமானங்களுக்கான மீடிறன்கள் தொடங்குகின்றன. துறைமுகமும் கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு இதை அறியாமல் இருக்கலாமா? கூட நடப்பவர்களுக்குக் கேட்கச் சில பத்து மீற்றர் எட்டினால் போதும். ஆகக் குறைந்த வலுவில் வையுங்கள். அன்ரனாவை இணைக்காமல் பலகைக்கு மின் கொடுத்தால் அதன் வெளியீட்டு ட்ரான்சிஸ்டர் போய்விடக்கூடும். அன்ரனாவுக்கு முக்கால் மீற்றர்க் கம்பி போதுமாயிருக்க, அதைத் தடியில் கட்டி உயர்த்திக்கொண்டு மின்கம்பிகளுக்குக் கீழே நடப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பிள்ளைகளே, பையைக் கயிற்றால் முடிச்சுப் போட்டுச் சட்டைக்குள் கட்டாதீர்கள். ஒரு கையால் ஒரே இழுப்பில் கழலும் கொளுக்கி போடுங்கள். புகை வந்தால் வயரைப் பிடுங்கிப் பார்க்காமல், பையைக் கழற்றி எறிந்துவிட்டு விலகுங்கள். எரியும் கலத்தைக் குளிர்விக்க நிறையத் தண்ணீர் வேண்டும், புகையைச் சுவாசிக்கக் கூடாது. சுட்ட தோலை 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள்; பற்பசை பூசவேண்டாம்.

அணிவதற்கு முன்பு, முழுத் தொகுதியையும் சீமெந்துத் தரையில் வைத்து, நிகழ்ச்சி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அருகிலிருந்து ஓடவிட்டு, ஒவ்வொரு வயரையும் ஒவ்வொரு இணைப்பையும் கையால் பிடித்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு எங்காவது இருந்தால், அந்த இடத்தைத் தடித்த வயரால் மாற்றிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஓடவிடுங்கள்.