பிள்ளையின் முதுகு வளைவுக்கு பெல்ட்: அரசாங்கத்திடம் என்ன கிடைக்கும், எங்கே சிக்கும்

வளரும் வயதில் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவதுதான் ஸ்கோலியோசிஸ். எக்ஸ்ரேயில் வளைவு 25 முதல் 40 டிகிரிக்குள் இருந்து, பிள்ளை இன்னும் வளர வேண்டியிருந்தால், டாக்டர் பெரும்பாலும் பிரேஸ் எழுதுவார், நம் ஊரில் பெல்ட் என்போம். அது வளைவை நிமிர்த்தாது, மேலும் கூடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஆனால் அது சின்ன விஷயமில்லை: 2013இல் வெளியான ஓர் அமெரிக்க-கனடா ஆய்வில் பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் ஆபரேஷன் அளவுக்குப் போகாமல் வளர்ச்சியை முடித்தார்கள், போடாதவர்களில் 48 சதவீதம்தான். தினம் 13 மணி நேரமாவது போட்டவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். வளர்ச்சி நின்றபின் போட்டுப் பிரயோஜனமில்லை.

சரி, அரசுத் திட்டங்களுக்கு வருவோம்.

முதலில் ஆர்.பி.எஸ்.கே., பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டம். இதன்படி அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு வருடம் ஒரு தடவை மருத்துவக் குழு வந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும். அவர்கள் தேடும் பட்டியலில் வளைபாதம் இருக்கிறது, இடுப்பு மூட்டு விலகல் இருக்கிறது, ஸ்கோலியோசிஸ் தனியாக இல்லை. அதனால் நீங்களே பாருங்கள். சட்டையைக் கழற்றி, கால்களைச் சேர்த்து முன்னால் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள், வளைவு இருந்தால் ஒரு பக்க விலா மட்டும் மேடாகத் தெரியும். தெரிந்தால் குழு வரும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது ஏ.டி.ஐ.பி., உதவி உபகரணங்களுக்கான மத்திய அரசுத் திட்டம். பெற்றோரின் மாத வருமானம் 22,500 ரூபாய் வரை என்றால் உபகரணம் இலவசம், 30,000 வரை என்றால் பாதி விலை. சிக்கல் எங்கே என்றால், 40 சதவீத ஊனச் சான்று வேண்டும். 30 டிகிரி வளைவோடு ஓடியாடும் பிள்ளைக்கு அந்தச் சதவீதம் கிடைப்பது கஷ்டம், பெல்ட் வேலை செய்வதோ அந்தக் கட்டத்தில்தான்! போலியோ, தசைநோய், பெருமூளை வாதம் போன்றவற்றால் வளைவு வந்த பிள்ளைகளுக்கே இது பெரும்பாலும் உதவும், அவர்கள் கட்டாயம் கேளுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்திலும் கேட்கலாம்.

சான்று கிடைக்காத பிள்ளைகள் சென்னை கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலோ, பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியிலோ பெல்ட் செய்து தருவார்களா, எவ்வளவு ஆகும் என்று நேரில் விசாரியுங்கள். சான்றுக்காக மாதக்கணக்கில் அலைந்து பெல்ட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. ஏ.டி.ஐ.பி.யில் ஒருமுறை வாங்கினால் அடுத்தது மூன்று வருடம் கழித்துத்தான், 12 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம். 12 வயதுக்கு மேலும் பல பிள்ளைகள் மளமளவென வளர்ந்து பெல்ட் பத்தாமல் போகும், இந்த விதியை எழுதியவர்கள் அதை யோசிக்கவில்லை போலிருக்கிறது. பிள்ளைக்கு 12 முடியப்போகிறது என்றால், அடுத்த பெல்ட்டுக்கு அதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.