விறகு சேர்க்கும் பசி

நார்வேயில் ட்ரொண்ட்ஹைம் பக்கம் குடியிருக்கும் வாசகி ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், இப்படி எழுதியிருக்கிறார்: "எங்கட வீட்டில வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப் இருக்கு, கரண்டும் இருக்கு. எண்டாலும் சித்திரை பிறந்தாக் காணும், இந்த மனுசன் கோடாலியோட வெளிக்கிட்டிடுவார். ரெண்டு வருசத்துக்குக் காணக்கூடிய விறகு இப்பவே சுவரோட அடுக்கிக் கிடக்கு. எரிப்பம் எண்டா மனம் வராது. அடுக்குவம் எண்டா சாப்பாடும் வேண்டாம். இதுவும் ஒரு வருத்தமோ?"

வியாதியா இல்லையா என்பதற்கு அப்புறம் வருகிறேன். அந்த நாட்டில் அவருடைய கணவர் தனி ஆள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடலாம். 2013 பிப்ரவரியில் நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஆர்கே, விறகைப் பற்றி மட்டும் 12 மணி நேர நிகழ்ச்சி ஒன்றைப் போட்டது. 4 மணி நேரம் வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது பற்றிப் பேச்சு. மிச்ச 8 மணி நேரம் ஓர் அடுப்பில் விறகு எரிவதை நேரலையாகக் காட்டினார்கள். அப்போது சுமார் 50 லட்சம் பேர் இருந்த நாட்டில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் ஏதோ ஒரு நேரத்தில் அதைப் பார்த்தார்கள். புகார்களும் வந்தன. பட்டை மேலே பார்த்தபடி அடுக்கிவிட்டார்கள் என்று பாதிப் பேருக்குக் கோபம். பட்டை கீழே பார்த்தபடி அடுக்கிவிட்டார்கள் என்று மீதிப் பேருக்கு.

கூரை இருந்தால் எப்படி அடுக்கினாலும் சரிதான். திறந்தவெளி என்றால் மேல்வரிசைக்கு மட்டும் பட்டை மேலே இருப்பது நல்லது, மழைநீர் வழிந்துவிடும்.

அடுக்குவதற்கான காரணம் எளிது: விறகு காய வேண்டும். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிர்ச் என்பது குளிர்நாட்டு மரம். அப்போதுதான் வெட்டிய பிர்ச் மரத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருப்பது வெறும் தண்ணீர். மரத்துக்குள் நீர், நாரின் நீளவாக்கில் ஓடும் வேகம் குறுக்குவாக்கில் நகரும் வேகத்தைப் போல 10 முதல் 15 மடங்கு. அதனால்தான் துண்டு துண்டாக அறுக்கிறார்கள். பிளப்பது பட்டையைத் திறந்துவிட. பிர்ச் பட்டையில் நீர் இறங்காது. நார்வேயின் பழைய வீடுகளில் புல்மண் கூரைக்கு அடியில் மழை ஒழுகாமல் இருக்க அதைத்தான் விரித்தார்கள். பிளக்காமல் போட்ட பிர்ச் கட்டை அந்தப் பட்டைக்குள்ளேயே புழுங்கி மட்கிவிடும். முதலில் செல்களின் உள்வெளியில் உள்ள நீர் போகும். ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்கு வந்தபின் செல்சுவரோடு ஒட்டிய நீர் மெல்ல வெளியேறும். அப்போதுதான் மரம் சுருங்கி, முனைகளில் வெடிப்பு விழும். 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எரிக்கலாம்.

ஈர விறகால் என்ன நஷ்டம்? தண்ணீரைக் கொதிக்கவைக்கவே வெப்பம் செலவாகிவிடும் என்றுதான் பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ பச்சை விறகில் 550 கிராம் மரம், 450 கிராம் நீர் என்று வைப்போம். மரம் தரும் வெப்பம் சுமார் 10 மெகாஜூல். நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஆவது சுமார் 1.2 மெகாஜூல். எட்டில் ஒரு பங்குதான். பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. விறகின் ஆற்றலில் பாதிக்கு மேல், சூட்டில் அதிலிருந்து கிளம்பும் வாயுக்களில் இருக்கிறது. அவை முழுதாக எரிய 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். ஈரம் அடுப்பின் சூட்டைக் கீழே இழுத்துவிடுவதால் அவை எரியாமல் புகையாகப் போய், புகைபோக்கியில் தாராகப் படிகின்றன. என்றாவது ஒருநாள் அந்தத் தார் தீப்பிடிக்கும்.

சரி, விறகை ஏன் அடுக்க வேண்டும் என்பது இவ்வளவுதான். அடுக்குவது ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பது வேறு கதை, எனக்குப் பிடித்த கதை.

1918இல் வாலஸ் கிரெய்க் என்ற அமெரிக்கர், புறாக்களைக் கவனித்து ஒன்றைச் சொன்னார். விலங்கின் செயலை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, தேடுவதும் நெருங்குவதும் சேர்ப்பதும். இன்னொன்று, தின்பது போல விஷயத்தை முடித்துவைக்கும் கடைசிச் செயல். நாம் இரண்டையும் ஒரே ஆசையின் முன்பாதி, பின்பாதி என்று நினைத்துக்கொள்கிறோம்: பசி வந்தால் தேடுவோம், கிடைத்தால் தின்போம். மூளைக்குள் அவை அவ்வளவு ஒட்டியவை அல்ல என்பதைக் காட்டியது, எலிக்கு உறவான, கைக்குள் அடங்கும் சைபீரிய ஹாம்ஸ்டர்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணப் பல்கலைக்கழகத்தில் திமத்தி பார்ட்னஸ் குழுவினர் இந்தப் பிராணிக்கு ஒரு வீடு கட்டினார்கள். கீழே வளையைப் போன்ற இருட்டுப் பெட்டி, மேலே ஒரு கூண்டு, இரண்டையும் இணைக்க வளைந்து செல்லும் குழாய். மேல்கூண்டில் ஓட்டச்சக்கரம். இத்தனை சுற்று ஓடினால் ஓர் உணவு உருண்டை விழும். அதை அங்கேயே தின்னலாம், அல்லது கன்னப்பையில் அடைத்துக்கொண்டு கீழே போய்ச் சேர்த்து வைக்கலாம். தேடுவது, சேர்ப்பது, தின்பது மூன்றையும் தனித்தனியாக அளப்பதற்கான ஏற்பாடு இது.

இப்போது ஹாம்ஸ்டரைப் பட்டினி போடுங்கள். எலியாக இருந்தால், பட்டினி முடிந்ததும் வழக்கத்தைவிட அதிகமாகத் தின்று ஈடுகட்டும். ஹாம்ஸ்டர் அப்படிச் செய்வதில்லை. தின்பது ஏறக்குறைய பழைய அளவுதான். கூடுவது சேமிப்பு! பசித்த பிராணி, கூடுதலாகத் தின்பதை விட்டுவிட்டு மூட்டை கட்டுகிறது.

உடலில் கொழுப்பும் சர்க்கரையும் குறைவதை உணரும் நரம்பணுக்கள் சில, மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸில் இருக்கின்றன. ஆற்றல் குறையும்போது ஏஜிஆர்பி என்ற புரதத்தை அவை சுரக்கும். பட்டினி எதுவும் போடாமலே, வயிறு நிறைந்த ஹாம்ஸ்டரின் மூளைக்குள் இந்தப் புரதத்தை மட்டும் ஊசியில் செலுத்தினார்கள். தின்பது கூடியது, ஆனால் சேர்ப்பது அதைவிட மிக அதிகமாகக் கூடியது. ஒரே ஒரு ஊசி, நாள்கணக்கில் வேலை செய்தது. பஞ்சம் எதுவும் இல்லை, களஞ்சியம் நிறைந்திருக்கிறது, பிராணி ஓய்வில்லாமல் குழாயில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. 2004இல் வந்த இந்த முடிவுகளைப் படிக்கும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் சிலரின் முகம் எனக்கு நினைவுக்கு வரும்.

அடுத்த பாதியை எலிகளில் பார்த்தார்கள். ஆன் கெல்லியும் லூயி ஸ்டீனுசும் 1985இல், எலி மூளையின் நடுப்பகுதியிலிருந்து கிளம்பி, டோபமைன் என்ற ரசாயனத்தால் செய்தி அனுப்பும் நரம்புகளைத் தேர்ந்தெடுத்து அழித்தார்கள். எலிகள் தின்னவே செய்தன; சேர்ப்பதை விட்டுவிட்டன. மூளையில் டோபமைனாக மாறும், பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தரும் எல்-டோபா மருந்தைக் கொடுத்ததும் சேர்க்கும் பழக்கம் திரும்பி வந்தது.

டோபமைன் என்றதும் 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியது அதற்கு நேர் எதிரானது. டோபமைன் 'வேண்டும், வேண்டும்' என்ற உந்துதலைத்தான் தருகிறது. 'நன்றாக இருக்கிறது' என்ற ருசிக்கு வேறு வழித்தடங்கள் உள்ளன. எரியும் விறகின் சுகத்தைவிட அடுத்த கட்டையைத் தூக்கும் ஆவல் பெரிதாக இருப்பதில் அதிசயம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். ஹாம்ஸ்டர் எத்தனை உருண்டையைக் கன்னத்தில் அடக்குகிறது என்று எண்ணுவதற்கா வரிப்பணம் என்று கேட்க எங்கும் ஆள் இருக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் ப்ராக்ஸ்மயர் என்ற செனட்டர் 1975 முதல் 1988 வரை, வீண் செலவு என்று தனக்குத் தோன்றியவற்றுக்கெல்லாம் கேலி விருதே கொடுத்தார். அறிவியல் ஆய்வுகளும் அதில் மாட்டின. நம் ஊரிலும் நிதி கேட்கும் படிவத்தில் 'சமூகப் பயன்' என்ற கட்டத்தை நிரப்பாமல் நகர முடியாது. 1992இல் ஜான் எங் என்பவர் கிலா என்ற விஷப் பல்லியின் உமிழ்நீரில் ஒரு ஹார்மோனைக் கண்டுபிடித்தபோது அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்க முடியும்? 2005இல் அதுவே சர்க்கரை நோய் மருந்தாக வந்தது. இன்று பசியை அடக்கி எடையைக் குறைக்கும் ஊசிகள் அந்த வழியில் வந்தவைதான்.

உணவிலிருந்து விறகுக்கு எப்படித் தாவுவது? விறகைத் தின்ன முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் சேர்க்கும் உந்துதல் பலனைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும் என்பதில்லை. குச்சியும் கிளையும் குவித்து ஓடைகளில் அணை கட்டும் பிராணி பீவர். ஸ்வீடனில் லார்ஸ் வில்சன் என்பவர், அணையையே பார்க்காமல் வளர்ந்த பீவர் குட்டிகளை வைத்துச் சோதித்தார். ஓடும் நீரின் ஓசையை ஒலிபெருக்கியில் விட்டதும் அவை குச்சிகளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் குவித்தன. தண்ணீரே அங்கே கிடையாது. சரியான குறி கிடைத்தது, வேலை தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். இதே பீவர் இலையுதிர் காலத்தில், தன் வீட்டை ஒட்டி நீருக்கடியில் கிளைகளைச் சேர்த்துவைக்கும். மேலே பனி உறைந்த பிறகு அவற்றின் பட்டையைத் தின்று குளிர்காலத்தைக் கழிக்கும். மனிதருக்குள்ளும் சேர்க்கும் இயந்திரம் ஒன்று பழையதாகக் கிடக்கிறது, குளிரும் குறையும் பகல்பொழுதும் அதைத் தட்டி எழுப்புகின்றன என்பது என் ஊகம். ஊகம் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

உந்துதல் மட்டும் இருந்தால் அது வதை. விறகு வேலையில் அது நிமிடத்துக்கு ஒருமுறை தீர்கிறது என்பதுதான் விசேஷம். கோடாலி மரத்தை அறுப்பதில்லை. அதன் தடித்த கன்னம் நார்களை இரு பக்கமும் தள்ள, விரிசல் அலகுக்கு முன்னால் ஓடுகிறது. நாரின் போக்கில் மரத்தைப் பிரிக்க ஆகும் விசை, குறுக்கே முறிக்க ஆவதில் சிறு பங்குதான். கடுங்குளிரில் உறைந்த பச்சை பிர்ச் ஒரே அடியில், சத்தத்தோடு இரண்டாகும். அடி, சத்தம், இரண்டு வெள்ளை முகங்கள், அடுக்கில் ஒரு விரல் உயரம். உழைப்புக்கும் பலனுக்கும் நடுவே சில நொடிகள்தான். அலுவலகத்தில் மின்னஞ்சல் அனுப்பி என்ன ஆயிற்று என்று இரண்டு மாதம் காத்திருப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

உடலும் இதில் கலந்துகொள்கிறது. பொலிவியாவின் சிமானே பழங்குடி ஆண்கள் காட்டைத் திருத்த ஒரு மணி நேரம் மரம் வெட்டினார்கள். அவர்களின் எச்சிலில் டெஸ்டோஸ்டிரோன் அளவு சுமார் 47 சதவீதம் கூடியிருந்ததை பெஞ்சமின் ட்ரம்பிள் குழு 2013இல் பதிவுசெய்தது. அதே மக்கள் கால்பந்து ஆடியபோது கூடியது சுமார் 30 சதவீதம். உடனே கோடாலியோடு ஆண்மைப் பெருமை பேசக் கிளம்ப வேண்டாம். அந்த ஆய்வில் அளந்தது ஆண்களை மட்டும்தான்.

வாசகியின் கேள்விக்கு இப்போது வரலாம். சேர்க்கும் உந்துதலுக்குக் கடிவாளமும் மூளையில் இருக்கிறது. 2005இல் அயோவாவில் ஸ்டீவன் ஆண்டர்சன், ஹன்னா டமாசியோ, அன்டோனியோ டமாசியோ மூவரும், மூளையில் காயம்பட்ட 86 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் காயத்துக்குப் பின் உதவாத பொருள்களை வீடு கொள்ளாமல் குவிக்கத் தொடங்கியிருந்தார்கள். நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்மடலின் உள்பக்கம் சேதமடைந்தவர்கள் அவர்கள். சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் ஆழத்தில் இருக்கிறது, 'போதும்' என்று சொல்வது முன்மடல் என்பது அவர்களின் விளக்கம். பொருள் குவிப்பை 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநோய்க் கையேடு தனி நோயாகவே சேர்த்துக்கொண்டது. எதையும் கழிக்க முடியாமல் தவிப்பதும், புழங்கும் இடம் அடைபட்டு வாழ்க்கை முடங்குவதும் அதன் அடையாளங்கள். சுவரோரம் இரண்டு வருட விறகு என்பது அந்த ஊர் நனைந்த கோடைகளுக்குப் பொருத்தமான இருப்பு. உங்கள் கணவர் நலமாக இருக்கிறார் அம்மா. படுக்கையறைக்குள் கட்டை வந்தால் மறுபடி எழுதுங்கள்.

ஆனால் எல்லா விறகும் இனிப்பதில்லை. நம் மலையடிவாரங்களில் தலைச்சுமையாக விறகு சுமந்து இறங்கும் பெண்ணிடம் போய் டோபமைன் பேசினால் அடிதான் விழும். அன்றைய சோற்றுக்கு அன்றைய சுள்ளி. அடுக்கு என்று ஒன்று உருவாகவே வழியில்லை. 2016 முதல் இந்திய அரசின் உஜ்வலா திட்டத்தில் சமையல் எரிவாயு இணைப்பு வந்த வீடுகளிலும் அடுத்த சிலிண்டருக்குக் காசில்லாமல் விறகுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. ஹீட் பம்ப் ஓடும் வீட்டில் விறகு ஒரு பொழுதுபோக்கு என்பதை மறந்துவிட்டு உழைப்பின் இன்பம் பற்றி எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கடைசியாக நிலா. தேய்பிறையில் வெட்டிய மூங்கில் உளுக்காது என்பார்கள் நம் பக்கம். ஐரோப்பாவிலும் மரம் வெட்டப் பிறை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் வெட்டுவதற்கு நல்ல காரணம் உண்டு: வசந்தத்தில் பிர்ச் மரத்தில் சாறு ஏறி ஈரம் கூடும், வண்டும் பூஞ்சையும் விழித்துக்கொள்ளும். இது பருவம் செய்கிற வேலை, பிறையை இதற்குள் இழுக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவி, புதிதாகப் பிளந்து, அந்த உள்முகத்தில் ஊசிகளைக் குத்திப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் குத்தினால் விறகு பெரும்பாலும் காய்ந்ததாகவே காட்டும்.