கனடாவுக்குப் போகும் மகளின் குழந்தையை மறைக்காதீர்கள்

"அந்தப் பிள்ளையை எழுதாமல் விட்டுவிடலாமா, வக்கீலம்மா?"

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள என் அலுவலகத்தில் இந்தக் கேள்வியைப் பல தாய்மார்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள். மகளுக்கு முதல் வாழ்க்கை சரியாக அமையவில்லை. ஐந்தாறு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது. இப்போது கனடாவில் வேலை பார்க்கும் ஒருவர் எல்லாம் தெரிந்தே அவளை மணந்துகொண்டிருக்கிறார். மனைவியை அழைத்துக்கொள்ள ஸ்பான்சர் செய்யப்போகிறார். குழந்தையின் பெயரை எழுதினால் காரியம் கெட்டுவிடும் என்று ஏஜெண்ட் ஒருவர் பயமுறுத்தியிருப்பார். "பிள்ளை என்னிடமே வளரட்டும். இவள் முதலில் போய்ச் சேரட்டும். பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்பது அந்தத் தாயின் கணக்கு.

இந்தக் கணக்கு எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். கீழே வரும் நிகழ்வுகள் எந்த ஒரு குடும்பத்தின் கதையும் இல்லை. பலரிடம் கண்டதைக் கலந்தே சொல்கிறேன்.

கனடாவின் குடிவரவு விதிகளில் 117(9)(டி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் நிரந்தர வசிப்புரிமை பெறும்போது தன் குழந்தையை விண்ணப்பத்தில் தெரிவிக்காமல், அதனால் அந்தக் குழந்தை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படாமல் போனால், பின்னாளில் அதைக் குடும்ப உறுப்பினர் என்ற வகையில் அழைத்துக்கொள்ள முடியாது என்கிறது அந்தப் பிரிவு. குழந்தை இப்போது கூடப் போகப்போவதில்லை என்பது ஒரு காரணமே ஆகாது. 22 வயது நிரம்பாத, திருமணமாகாத பிள்ளை உடன் வந்தாலும் வராவிட்டாலும் அதன் பெயரை எழுதித்தான் ஆகவேண்டும். 2019 செப்டம்பரில் இந்த விதியால் பிரிந்துபோன சில குடும்பங்களுக்காக ஒரு தற்காலிகச் சலுகையைக் கனடா கொண்டுவந்தது. அது தற்காலிகமானது என்பதை நினைவில் வையுங்கள். அதை நம்பிப் பொய்யான படிவத்தில் கையெழுத்திட்டால், உண்மையை மறைத்த குற்றம் தனியாக நிற்கும். அதற்குக் கனடாவுக்குள் நுழைய 5 ஆண்டுத் தடை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வசிப்புரிமை கிடைத்த பிறகு தெரியவந்தால் அதுவும் கையைவிட்டுப் போகலாம்.

மறைக்கச் சொல்கிறவர்கள் இதில் எதையும் சொல்வதில்லை. மகள் போய்ச் சேர்ந்தால் அவர்களுக்குப் பணம் வந்துவிடும். பாட்டி வீட்டில் கைப்பேசித் திரையில் அம்மாவைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளையைப் பற்றி அவர்களுக்கு என்ன அக்கறை?

குழந்தையை எழுதினால் அடுத்த கேள்வி முதல் திருமணத்தைப் பற்றியது. நம் பகுதியில் இதுதான் பெரிய சிக்கல். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி, முத்திரைத்தாளில் எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, தாலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் உறவு அறுந்துவிட்டது என்று நினைக்கிறோம். அறுத்துக் கட்டும் வழக்கம் உள்ள சமூகங்களுக்கு இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு இடம் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். அந்த ஒற்றை முத்திரைத்தாளைப் பார்த்து அயல்நாட்டு அதிகாரி ஒருவர் திருப்தி அடைவார் என்று நம்பாதீர்கள். முதல் திருமணம் சட்டப்படி முடியவில்லை என்றால் இரண்டாவது திருமணமே செல்லாது. செல்லாத திருமணத்தை வைத்து யாரும் யாரையும் அழைத்துக்கொள்ள முடியாது. இருவரும் சம்மதித்தால் அதே சட்டத்தின் 13பி பிரிவின்கீழ் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து பெறலாம். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு கையில் வந்த பிறகு முகூர்த்தம் குறியுங்கள். எம்.சி. ரோட்டில் புடவை எடுத்த பிறகு என்னிடம் வந்து, "தீர்ப்பை அடுத்த வாரத்துக்குள் வாங்கிவிட முடியுமா, அம்மா?" என்று கேட்டால் நான் என்ன செய்யமுடியும்?

குழந்தையும் கூடப் போவதாக இருந்தால், அதன் தந்தையின் எழுத்துப்பூர்வமான சம்மதமோ, பொறுப்பு தாய்க்கே என்ற நீதிமன்ற உத்தரவோ வேண்டியிருக்கும். விவாகரத்து மனுவிலேயே குழந்தையைப் பற்றித் தெளிவாக எழுதிக்கொண்டால் பின்னால் அலைச்சல் குறையும்.

இரண்டாவது திருமணம் என்பதால் திருவொற்றியூர் கோயிலில் இருபது பேரோடு எளிமையாகத் தாலி கட்டியிருப்பார்கள். படங்கள் குறைவு, அழைப்பிதழ் அடிக்கவில்லை. உடனே ஒருவர் ஆலோசனை சொல்வார்: மண்டபம் பிடித்து, மாலை மாற்றி, நூறு பேரை நிற்கவைத்துப் படம் எடுங்கள் என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதிகாரி பார்ப்பது இரண்டைத்தான்: இது உண்மையான உறவா, குடியேறுவதற்காகவே செய்துகொண்ட ஏற்பாடா? இருபது பேர் கூடிய கல்யாணம் உண்மையானதாக இருந்தால் அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏன் எளிமையாக நடந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். தினமும் பேசிக்கொண்ட பதிவுகள், அவர் அனுப்பிய பணம், அவர் ஊருக்கு வந்துபோன டிக்கெட், குழந்தையின் பிறந்தநாளுக்கு அவர் வாங்கி அனுப்பிய சைக்கிளின் ரசீது, இவையெல்லாம் சாட்சி பேசும். ஜோடனை செய்த ஆல்பம் ஒரு கேள்வியில் உடைந்துவிடும்.

தொலைபேசியிலோ காணொளியிலோ நடத்தப்படும் நிக்காஹைப் பற்றியும் ராயபுரம் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை வைத்து வாழ்க்கைத் துணையை ஸ்பான்சர் செய்ய 2015 ஜூன் முதல் கனடா பொதுவாக அனுமதிப்பதில்லை. மாப்பிள்ளை நேரில் வந்தாகவேண்டும்.

வந்தவர் மூன்று வார விடுப்பில் வந்திருப்பார். விருந்துக்கே நாள் போதாது. அதற்குள் பதிவை முடித்துவிடுங்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள் உண்டு. அவர் விமானம் ஏறிய பிறகு கையெழுத்துக்காக மறுபடி வரவழைப்பது பெரிய செலவு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. மூன்றும் ஒருவரே என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்யலாம். திருமணமான கையோடு பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தமிழ் ஆவணங்களின் மொழிபெயர்ப்பைச் சித்தப்பா மகனிடம் கொடுக்காதீர்கள். குடும்பத்தினர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்கமாட்டார்கள்.

மணப்பெண்களிடம் தனியாக ஒன்று சொல்வது என் வழக்கம். கூட வந்தவர்களைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சொல்வேன். ஸ்பான்சர் செய்யும் கணவர், நீ வசிப்புரிமை பெற்ற நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு உன் அடிப்படைத் தேவைகளுக்குப் பொறுப்பேற்று அரசுக்கு எழுதிக் கொடுக்கிறார். நடுவில் வேலை போனாலும், விவாகரத்தே ஆனாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. வசிப்புரிமை கிடைக்கும்வரை அவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். கிடைத்துவிட்டால், "நான்தான் கூட்டிவந்தேன், திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று அவர் மிரட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் உரிமை நிலைக்கும் என்று 2012இல் கொண்டுவந்த நிபந்தனையை 2017 ஏப்ரலில் கனடா நீக்கிவிட்டது. அடி வாங்கிக்கொண்டு அந்த வீட்டில் இருக்கவேண்டியதில்லை. அமெரிக்காவுக்குப் போகிறவளாக இருந்தால் கதை வேறு: திருமணமாகி இரண்டு ஆண்டு முடியாமல் போனால் முதலில் நிபந்தனையோடு கூடிய கிரீன் கார்டுதான் கிடைக்கும். அங்கும் கொடுமைக்கு ஆளானவர் தனியாகவே விண்ணப்பிக்க வழி உண்டு.

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் இங்குள்ள நீதிமன்றத் தீர்ப்பு, பதிவு, சான்றிதழ் ஆகியவற்றைப் பார்ப்பவள். கனடா விண்ணப்பத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் நிற்க, அந்நாட்டுச் சட்டப்படி அனுமதி பெற்ற வழக்கறிஞரோ உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரோதான் வேண்டும். ஆலோசகரின் உரிம எண்ணைக் கேளுங்கள். அவர்களின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் எவரும் பார்க்கலாம். எண்ணைக் கேட்டதும் கோபப்படுபவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். நிரப்பிய படிவத்தை ஒரு வரி விடாமல் தமிழில் படித்துக்காட்டச் சொல்லி, அதன்பிறகு கையெழுத்திடுங்கள்.

அண்மையில் காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பாட்டி, நான் இவ்வளவும் சொன்ன பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மஞ்சள் பையிலிருந்து பேத்தியின் பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தார். ராயபுரம் அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்த பிள்ளை. சான்றிதழில் தாய், தந்தை பெயர் இருந்தது. குழந்தையின் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. பிறந்து 15 ஆண்டுகளுக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, மாநகராட்சிக்குக் கொடுக்கவேண்டிய விண்ணப்பத்தை அப்போதே எழுதத் தொடங்கினோம். பேத்தியின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னவர் அந்தப் பாட்டிதான்.