பலத்த மழைக்கு ஒரு சொல், பலத்த காற்றுக்கு வேறு சொல்

ஆங்கிலம் படிக்க வரும் பெரியவர்களில் பாதிப் பேர் முதல் நாளே ஒரு நோட்டை எடுத்து நீட்டுவார்கள். பக்கத்தின் நடுவில் கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். சிலர் மூன்று நோட்டு நிரப்பியிருப்பார்கள். "இவ்வளவு எழுதியும் பேசும்போது ஒரு வார்த்தை வரமாட்டேங்குது சார்" என்பதுதான் எல்லோருடைய புகாரும்.

நான் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பதில்லை, முதல் பக்கத்துக்குப் போவேன். ஒருவரின் நோட்டில் அங்கே 'அட்ரஸ்' இருந்தது, எதிரே 'முகவரி'. சரி, இதைப் படியுங்கள் என்று ஒரு செய்தி வரியைக் காட்டினேன்: 'தி கமிட்டி ஃபெயில்ட் டு அட்ரஸ் தி இஷ்யூ.' நிதானமாக யோசித்துவிட்டு, "கமிட்டிக்கு முகவரி கிடைக்கவில்லை" என்றார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சின்ன வயதிலேயே தெரிந்த சொல். அதனாலேயே அகராதியைத் திறக்க அவருக்குத் தோன்றவில்லை. அந்த வரியில் அதற்குப் பொருள், பிரச்சினையைக் கையில் எடுத்துக் கவனிப்பது.

இடைநிலையில் நிற்பவர்களுக்குப் புதுச் சொல் போதவில்லை என்பதைவிட, தெரிந்த சொல் பாதியில் நின்றுவிட்டது என்பதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது. 'அப்ரிஷியேட்' என்றால் பாராட்டு, அத்தோடு முடிந்தது. ஆனால் வீட்டின் மதிப்பு ஏறினாலும் அப்ரிஷியேட்தான், ஒரு சிக்கலின் தீவிரத்தை உணர்ந்தாலும் அப்ரிஷியேட்தான்.

புதுச் சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆங்கில ஆசிரியர் மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட ஆங்கிலப் பொதுச்சொல் பட்டியலில் இருப்பவை சுமார் 2000 தலைச்சொற்கள், அதாவது அகராதியில் தலைப்பாக வரும் அடிப்படைச் சொற்கள். சாதாரண எழுத்தில் பத்துக்கு எட்டுச் சொல் அதற்குள் அடங்கிவிடும். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்குப்படி, நாவலையோ செய்தித்தாளையோ யார் துணையும் இல்லாமல் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் வேண்டும். டிசைட், டிசிஷன், டிசைசிவ் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவிலுள்ள நீண்ட வெளியில்தான் இடைநிலை மாணவர் நடந்துகொண்டிருக்கிறார். முதல் இரண்டாயிரம் எங்கே திரும்பினாலும் எதிர்ப்பட்டன, தாமாக ஒட்டிக்கொண்டன. அதற்கு மேலுள்ளவை எப்போதாவதுதான் கண்ணில் படும். முதல் வருஷம் ஓடியவர் மூன்றாம் வருஷம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் உணர்வது இதனால்தான். அவருடைய சோம்பல் அல்ல.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். தமிழில் மழையும் பலத்த மழை, காற்றும் பலத்த காற்று. காயம், பாதுகாப்பு, போட்டி, கைதட்டல் எல்லாவற்றுக்கும் 'பலத்த' என்ற ஒரே சொல்லை முன்னால் வைத்துச் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலம் அப்படி விடாது. மழை என்றால் ஹெவி ரெயின். காற்று ஸ்ட்ராங் விண்ட். காயம் சீரியஸ் இஞ்சுரி, பாதுகாப்பு டைட் செக்யூரிட்டி, போட்டி டஃப் காம்படிஷன், கைதட்டல் லவுட் அப்ளாஸ். நோட்டில் 'ஸ்ட்ராங் = பலத்த' என்று எழுதி மனப்பாடம் செய்தவர் 'ஸ்ட்ராங் ரெயின்' என்றுதான் சொல்வார். இலக்கணப் பிழை எதுவும் இல்லை, கேட்பவருக்கும் புரியும். ஆனாலும் காதில் உறுத்தும்.

ஏன் என்று கேட்பார்கள். காரணம் கிடையாது என்றுதான் சொல்வேன். நாமும் வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, பனி கொட்டுகிறது என்கிறோம். 'மழை அடிக்கிறது' என்பதைக்கூடப் பேச்சில் கேட்கலாம், 'வெயில் பெய்கிறது' என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்ப்போம். எந்தச் சொல் எதோடு சேரும் என்பது பழக்கம். ஆகவே நோட்டில் ஒற்றைச் சொல்லை எழுதுவதை விட்டுவிட்டு, அதன் ஜோடியோடு எழுதச் சொல்கிறேன். 'டிசிஷன்' என்று எழுதாதீர்கள், 'மேக் எ டிசிஷன்' என்று எழுதுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து ஜோடி போதும். ஐம்பது சொல் எழுதுபவரை எனக்குப் பயம்.

எழுதினால் மட்டும் நிற்காது. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன் நினைவாற்றலையே சோதித்து 1885இல் எழுதிவைத்தார். ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் உள்ள அட்டைகளைக் காட்டிப் பயிற்சி தரும் இன்றைய செயலிகள் பலவும் அந்த வழியில் வந்தவைதான். இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பப் பார்ப்பது, சரியாகச் சொன்ன அட்டைக்கு இடைவெளியைக் கூட்டுவது, தவறியதை மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. செயலி வேண்டாமென்றால் காகித அட்டைகளும் நான்கு டப்பாவும் போதும்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும், தவறியது முதல் டப்பாவுக்குத் திரும்பும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: அட்டையின் முன்பக்கம் தமிழ் இருக்கட்டும். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் சொல்வது எளிது, அது படிப்பதற்கு உதவும். பேச உதவுவது எதிர்த்திசைப் பயிற்சி. பார்த்தால் தெரிகிற சொல் வேறு, வேண்டும்போது நாக்குக்கு வருகிற சொல் வேறு.

வாசிப்புக்கு ஒரு சின்ன அளவுகோல். நேஷன் அந்தக் கணக்கைப் போட்டதே ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம் என்ற அடிப்படையில்தான். அதாவது 300 சொல் உள்ள பக்கத்தில் தெரியாதவை ஆறு. இருபது இருந்தால் அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எளிதான ஒன்றை எடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. 'தினம் ஒரு கடினச் சொல்' வகைப் பட்டியல்கள் பற்றியும் கேட்கிறார்கள். விளையாட்டாகப் பாருங்கள், பாடமாக வேண்டாம்.

அப்புறம், கைப்பேசியில் இரண்டு நிமிடம் நேற்று நடந்ததை ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். 'குட்', 'நைஸ்', 'வெரி' எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். முதல் முறை கேட்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும்.

கமிட்டிக்கு முகவரி தேடியவர் சில மாதம் கழித்து வகுப்பு முடிந்ததும் அருகில் வந்தார். "சார், அளவில்லாமல் சிகரெட் பிடிக்கிறவன் ஹெவி ஸ்மோக்கர். அளவில்லாமல் சாப்பிடுகிறவன் ஹெவி ஈட்டரா?" பிக் ஈட்டர் என்பதுதான் வழக்கம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. புது நோட்டைத் திறந்து இரண்டையும் ஒரே வரியில் எழுதிக்கொண்டார். நடுவில் கோடு போட்ட பக்கம் அந்த நோட்டில் ஒன்றுகூட இல்லை.